வேகமா, வாற்றா? – வீட்டு வழங்கிக் கணினி பற்றிய ஒரு மறுப்புரை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீட்டுப் பரணிலும் வாசிகசாலை அலுமாரியிலும் கிடந்த பழந்தாள்களை மின்வருடியாற் படியெடுத்துக் கணினியிற் சேர்க்கும் முயற்சி ஆங்காங்கே நடைபெற்று வருகின்றது. கோயிற் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், இறந்தோர் நினைவாக அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு, சங்கக் கூட்டக் குறிப்பு, குடும்பக் கடிதம் என்றிவை பெரும்பாலும் ஒரு முறை மட்டுமே அச்சிடப்பட்டவை, சில அச்சேறாதவை. இவற்றைத் தன்னகத்தே வைத்து, இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினியே பேச்சில் ‘சேர்வர்’ எனவும் எழுத்தில் வழங்கி எனவும் சுட்டப்படுகின்றது. அத்தகைய கணினியொன்றை வாங்க முற்படுவோருக்கு அறிந்தோர் கூறும் அறிவுரை ஏறத்தாழ ஒரே வகையினது: எத்துணை வேகம், எத்துணை நினைவகம், எத்தனை வன்தட்டுக்குரிய இடம் என்பவற்றை முதலிற் பார்க்க வேண்டும் என்பதே அது. மின்சாரம் பற்றிய வினா இறுதியில் வரும். அல்லது வாராமலே போகும்.

இவ்வரிசை குடாநாட்டிற்குப் பொருந்தாது. மின்சாரம் எப்போதும் உண்டு என்று எண்ணத்தக்க நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரை அது. இங்கு முதல் வினா, சுவரிலுள்ள செருகியிலிருந்து அக்கணினி எத்தனை வாற்று இழுக்கின்றது என்பதாகவே இருத்தல் வேண்டும்; ஏனைய அனைத்தும் அதன் பின்னரே வைத்து எண்ணற்பாலன.

இவ்வினா குடாநாட்டிற்குப் புதியதன்று. 1990களின் முற்பகுதியிலே, மின்சாரம் அறவே அற்று, பொருளாதாரத் தடையினால் உலர்மின்கலமும் கிடையாதிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுற்றித் தைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் இம்மண்ணின் மக்கள். சைக்கிள் தைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ற்று, 3 வாற்று. செய்தி முடியும் வரை கை தாங்குமா என்பதே அன்றைய கணக்கு. வானொலியின் ஒலி எத்துணைப் பெரிது என்று எவரும் கேட்டிலர். ஒரு வாற்று என்பது எத்தகைய உழைப்பு என்பதை ஒரு தலைமுறை தோள்வலியால் அறிந்திருந்தது. அந்நிலையைப் புகழ்வதற்கு ஏதுமில்லை. அது திணிக்கப்பட்ட வறுமை. ஆயினும் அன்று கற்ற கணக்கை, மின்கம்பி மீண்டு வந்தவுடன் மறந்துவிட்டமைக்கு நியாயம் கூறுவது அரிது. இன்றைய சிறு பலகைக் கணினியொன்று ஓய்வு நிலையில் வேண்டுவதும் ஏறத்தாழ அதே 3 வாற்றுத்தான்.

வீட்டில் வழங்கி எதற்கு, அனைத்தையும் வெளிநாட்டு நிறுவனங்களின் இணையக் களஞ்சியத்தில் இட்டுவிட்டால் மின்சாரக் கவலையே இல்லையே என்று ஒரு சாரார் கூறுவர். இவர்களின் கூற்று எளிதிற் கவரத்தக்கது. எனவே அதனை முதலில் நோக்குதல் தகும். இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடமளித்த ஜியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. நிழற்படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றுக்கொண்ட கூகிள் போட்டோஸ் 2021 யூன் 1ஆந் திகதியுடன் அச்சலுகையை நிறுத்தியது. எவருடைய இலாபத்தையும் கருதாது இயங்கும் இன்ரர்நெற் ஆர்க்கைவ் தானும் 2024 ஒக்ரோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் 2022 ஏப்பிரலிலும் சமூக ஊடகங்கள் அரச ஆணையால் முடக்கப்பட்டன. பிறர் வீட்டுக் களஞ்சியத்தில் நெல்லை இட்டவன், கதவு திறக்கும் நேரத்தைத் தான் தீர்மானிக்க இயலாது.

1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அழிந்த நூல்களும் சுவடிகளும் ஏறத்தாழ 97,000 என்பர். அந்நிகழ்ச்சியை ஆண்டுதோறும் நினைவுகூரும் சமூகம், அதன் தொழினுட்பப் பொருளையும் சிந்தித்தல் வேண்டும். வேறெங்கும் படியில்லாத ஏடு அங்கு ஓரிடத்தில் இருந்தது, அவ்விடம் எரிந்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிச் செய்துள்ள பணி ஈடற்றது. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் தாய் மகனுக்கு எழுதிய கடிதமும், காணி உறுதியின் படியும், குடும்ப நிழற்படமும் பொது நூலகத்தில் வைக்கத்தக்கன அல்ல. அவற்றிற்கு வீடு வேண்டும். பொதுவில் வைக்கத்தக்கவற்றிற்கும் ஊரில் ஒரு மறுபடி வேண்டும். வீட்டு வழங்கியின் தேவை இங்கேதான் எழுகின்றது.

தேவையை ஏற்றுக்கொண்டோர் இடையிலேயே பெரும் பிழை நிகழ்கின்றது. புலம்பெயர்ந்த உறவினர், தாம் பணிபுரியும் நிறுவனம் கழித்துவிட்ட பெரிய வழங்கியொன்றை அன்போடு ஊருக்கு அனுப்பிவைப்பர். இரண்டு செயலிகள், எட்டு வன்தட்டுகள், ஆறு காற்றாடிகள் கொண்ட அப்பொறியைக் கண்டு மன்றத்தார் மகிழ்வர். விலையின்றி வந்தது, வேகமோ பெரிது. பின்னர்தான் மின்பட்டியல் வரும்.

இவ்வகைப் பழைய வழங்கிகள் ஒரு வேலையும் செய்யாது சும்மா இருக்கும்போதே 100 முதல் 200 வாற்று வரை இழுப்பவை. 150 வாற்று எனக் கொள்வோர், அதனை ஒரு நாளின் 24 மணித்தியாலத்தாலும் மாதத்தின் 30 நாளாலும் பெருக்கிப் பார்க்கட்டும்: 108 அலகு. 10 வாற்றுக் கணினி அதே மாதத்தில் 7 அலகுக்குச் சற்று மேல் மட்டுமே கொள்ளும். இலங்கையின் வீட்டு மின்பட்டியல் படிமுறையானது என்பதையும், 60 அலகைத் தாண்டிய வீட்டிற்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை என்பதையும் மறத்தலாகாது. மாதம் 50 அலகு பாவிக்கும் ஒரு குடும்பம் சிறு கணினியை வைத்தால் 57 அலகோடு தன் படியிலேயே நிற்கும். பெரிய வழங்கியை வைத்தால் 158 அலகுக்கு ஏறும். அப்போது விளக்குக்கும் மின்விசிறிக்கும் முன்னர் கொடுத்த பணமும் கூடிவிடும். யானையைத் தானமாகப் பெற்றுத் தீனி போட இயலாது திகைத்தவனின் கதைதான் இது. சனசமூக நிலையத்தின் மாதச் சந்தாப்பணம் இத்தீனிக்குப் போதாது. சில மாதங்களில் பொறி நிறுத்தப்படும். அதனுள் இருந்தவை இருட்டில் கிடக்கும்.

பணம் மட்டும் இங்குப் பொருளன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் நெடுங்காலம் குடாநாட்டின் மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்தே பெறப்பட்டது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தமை மாணவர் அறியாததன்று. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையுடன் இணையாது தத்தம் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. வீணாகும் வாற்று எவருடைய கிணற்றிலோ சென்று முடிந்த வரலாறு உள்ள மண்ணிலே, காற்றாடியின் இரைச்சலைப் பெருமையாகக் கொள்ளுதல் அழகன்று.

வெப்பம் பற்றியும் ஒரு சொல். பெரிய வழங்கி, குளிரூட்டப்பட்ட அறைக்கென அமைக்கப்பட்டது. உப்புக் காற்றும் செம்மண் தூசியும் புகும் கிராம அறையில் அதன் காற்றாடிகள் அத்தனையையும் உள்ளிழுத்துப் பலகையிற் படியச் செய்யும். காற்றாடி இல்லாத சிறு கணினி அவ்வாறு இழுப்பதில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்போர் இளைஞர். அவர்களுக்குத் தீர்வு ஒன்றே: றாஸ்பெரி பை. 2012 பெப்ரவரியில் 35 டொலர் விலையுடன் வெளிவந்த அச்சிறு பலகை, கணினியை உள்ளங்கையில் வைத்தது என்பதில் ஐயமில்லை. பாடசாலையிற் கணினி கற்பிக்க எண்ணி அமைத்தவர்களின் நோக்கமும் உயர்ந்ததே. ஆயின் அதன்மீது கொண்ட பற்று சிலரிடத்தில் பக்தியாக மாறியுள்ளது. அதன் வழக்கமான சேமிப்பிடம் நகச் சிறிதான மெமறி காட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அற்றால் அக்காட் பழுதுறும். அடிக்கடி எழுதப்பட்டாலும் பழுதுறும். மின் அறுவதே வழக்கமான ஓரிடத்தில் இக்குறை சிறியதன்று. பலகை 3 வாற்றுத்தான். ஆனால் அதனோடு இணைக்கும் பெரிய மேசை வன்தட்டு தனித்து 5 முதல் 8 வாற்று வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் 20 வாற்றையும் தொடும். வன்தட்டுக்கென இன்னொரு மின்வழங்கி, அதற்கென இன்னொரு வயர் என்று மேசையெல்லாம் நிறைந்தபின், சிக்கனம் என்ற சொல் பலகையோடு நின்றுவிடுகின்றது. 2021 முதல் 2023 வரை உலகளாவிய தட்டுப்பாட்டினால் அப்பலகை குறித்த விலைக்குக் கிடைப்பதே அரிதாயிருந்தது. பழுதுற்ற ஒன்றை மாற்ற மாதக்கணக்கிற் காத்திருக்கும் நிலை, ஊர் வாசிகசாலைக்கு உகந்ததன்று.

ஆயினும் அப்பலகைக்கு உரிய இடம் உண்டு. கிவிக்ஸ் என்னும் மென்பொருளோடு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்து, இணையமே இல்லாத பாடசாலை வகுப்பறையில் மாணவரின் கைத்தொலைபேசிகளுக்கு வழங்குவதற்கு அதனிலும் சிறந்தது இல்லை. அங்குப் படிப்பது மட்டுமே நிகழும், எழுதுவது இல்லை. காட் நெடுநாள் நிற்கும். தொலைந்தாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பாட்டியின் கடிதத்தை அவ்வாறு மீண்டும் இறக்குதல் இயலாது.

அவ்வாறாயின் எதனை வாங்குவது? அலுவலகங்கள் கழித்து விற்கும் கையளவுப் பெட்டிக் கணினிகள் பழைய கணினிக் கடைகளிற் கிடைக்கின்றன. வங்கி, காப்புறுதி நிறுவனம் போன்றவற்றின் மேசையில் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தவை அவை. மடிக்கணினியின் இயல்பை ஒத்த அவற்றிற் பல ஓய்வு நிலையில் 8 முதல் 15 வாற்றுக்குள் அடங்குபவை. புதியது வாங்க வல்லார்க்கு 2023இல் வெளிவந்த இன்ரெல் என் 100 போன்ற சிறு செயலி பூட்டிய பெட்டிகள் உள. இவ்விடத்தில் விளம்பரத்தின் மாயம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். அச்செயலிக்கு 6 வாற்று என்று அச்சிட்டிருப்பர். அது செயலியின் வெப்பத்தைக் குறித்து ஆக்கியோர் வகுத்த அளவு. முழுப் பெட்டியின் நுகர்ச்சி அன்று. நினைவகம், வட்டு, வலையிணைப்பு, மின்வழங்கியின் இழப்பு அனைத்தும் சேரச் சுவரில் அளந்தால் ஓய்விலேயே அதனிற் கூடுதலாகக் காட்டும். வேலை மிகுந்தால் 20 வாற்றையும் தாண்டும். செருகியில் பொருத்தும் மின்னளவி ஒன்று கணினி விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும். அதனைக் கையிற் கொள்ளாது கணினி வாங்கச் செல்பவன், தராசில்லாது சந்தைக்குச் சென்றவன்.

வேகம் போதுமா என்ற வினா எஞ்சும். ஒரு வீட்டார் நால்வரும் அயலார் சிலரும் கல்வெட்டைப் படிக்கவும் நிழற்படம் பார்க்கவும் வேண்டுமளவு வேகத்தை மேற்கூறிய எந்தப் பெட்டியும் அலுப்பின்றித் தரும். உண்மையில் நாள் முழுவதும் அது உறங்கிக்கொண்டேயிருக்கும். எனவேதான் ஓய்வு நிலை வாற்று, உச்சநிலை வாற்றை விட முதன்மையானது. இது ஏனோ கணினி பயின்றோர்க்கும் எளிதிற் புலப்படுவதில்லை.

இனி மின்வெட்டைக் கருதுக. 2022 மார்ச் 31இல் நாளொன்றிற்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று கம்பியில் அகப்பட, நாடு முழுதும் இருண்டது. அந்த 13 மணித்தியாலத்தைக் கடக்க 10 வாற்றுக் கணினிக்கு 130 வாற்று-மணி போதும்; 150 வாற்று வழங்கிக்கு 1,950 வேண்டும். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈய பற்றறி ஒன்றில் அடங்கியது 1,200 வாற்று-மணி. பற்றறி நீடிக்க வேண்டுமாயின் அதிற் பாதியையே எடுத்தல் தகும். அப்பாதி, சிறு கணினியை இரண்டு நாளுக்கு மேல் விழித்திருக்கச் செய்யும். பெரியதை நான்கு மணித்தியாலம் தாங்குவதும் ஐயம்.

கடையில் விற்கும் யூ.பி.எஸ். பெட்டியை நம்புவோர் ஒன்றை நோக்குவதில்லை. அது பற்றறியின் நேர்மின்னை 230 வோல்ற்று ஆடல்மின்னாக மாற்றுகின்றது; கணினியின் மின்வழங்கியோ அதனை மீண்டும் நேர்மின்னாக்குகின்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு. இதற்கு மேல் யூ.பி.எஸ். தன் செலவுக்கென்றே சில வாற்று எடுத்துக்கொள்ளும். கணினி பத்து வாற்றாயிருக்கும்போது இவ்விழப்பு அதன் தேவையையே எட்டிவிடலாம். ஆகையால் 12 வோல்ற்று நேர்மின்னை ஏற்கும் பெட்டியைத் தேர்ந்து, பற்றறியிலிருந்து ஒழுங்காக்கி ஒன்றின் வழியே நேரே கொடுப்பதே முறை. 19 வோல்ற்று கேட்கும் பெட்டிக்கும் அதற்குரிய மாற்றி உண்டு. றவுட்டரையும் அதே பற்றறியில் இணைத்தல் நன்று. வழங்கி விழித்திருந்து வழி உறங்கினால் பயனென்ன?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத குடாநாட்டில் வாற்றை எண்ணுவானேன், கூரையில் சூரியத்தகடு பூட்டினாற் போயிற்று என்பதே இறுதியாக எழும் மறுப்பு. இது பாதி உண்மை. மின்வலையோடு இணைந்து, பற்றறியின்றி இயங்கும் கூரைத்தகடு, வலையில் மின் அற்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிர்க்காப்பிற்காக அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. நண்பகல் வெயிலிலும் அவ்வீடு இருளும். பற்றறியோடு கூடிய தனி அமைப்பாயின் வாற்றுக் கணக்கு முன்னிலும் கூர்மையாக எழும். 10 வாற்றுக் கணினி நாளொன்றிற்கு 240 வாற்று-மணி கொள்ளும்; 100 வாற்றுத் தகடு ஒன்று நல்ல வெயிலில் அதனை மிகையாகவே ஈட்டித் தரும். கார்த்திகை, மார்கழி வாடைமழைக் காலத்திற்கு இன்னொரு தகடு சேர்த்தாலும் செலவு தாங்கத்தக்கதே. 150 வாற்று வழங்கிக்கு ஒரு கிலோவாற்றுக்கு மேற்பட்ட தகடும் அதற்கேற்ற பற்றறி வரிசையும் வேண்டும். அது கோயில் திருப்பணிக்கு ஒப்பான செலவு.

சேமிப்பு வட்டில் சிறிது கவனம் தேவை. எழுதவும் படிக்கவும் நாளாந்தம் பயன்படுவது அசையாத எஸ்.எஸ்.டி. ஆயிருக்கட்டும், அது மின் குறைவாக இழுக்கும், குலுக்கலையும் தாங்கும். ஆனால் மின்னின்றி ஆண்டுக்கணக்கில் வெப்ப அறையில் வைத்தால் அதிலுள்ளவை மங்கிப் போகக் கூடும். எனவே அலுமாரியில் பூட்டி வைக்கும் மறுபடிக்குக் காந்த வன்தட்டே ஏற்றது. மடிக்கணினியளவு வன்தட்டு ஒன்றிரண்டு வாற்றில் ஓடும். ஒரே பெட்டிக்குள் இரு வட்டுகளைப் பூட்டி ஒன்றின் பிரதியை மற்றதில் எழுதச் செய்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்போர் உளர். ஓர் இடி இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். தவறுதலாக அழித்த கோவை இரண்டிலும் ஒருங்கே அழியும். இரண்டாவது பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் இரண்டாவது வன்தட்டை வாங்கி, பருத்தித்துறையிலுள்ளதன் படியை மானிப்பாயிலும், மானிப்பாயிலுள்ளதன் படியை வேலணையிலும் வைத்து, மாதம் ஒரு முறை பேருந்திற் கொண்டுசென்று மாற்றிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் கிராம வாசிகசாலைகளுக்குக் கணினி வழங்கும்போது, வாங்கிய நாளில் நிழற்படம் எடுப்பதோடு நின்றுவிடுகின்றன. அமைத்துக் கொடுத்த மாணவன் பட்டம் பெற்று வெளிநாடு செல்கின்றான். கடவுச்சொல்லும் அவனோடு செல்கின்றது. எனவே கடைத்தெருவில் உதிரிப்பாகம் கிடைக்காத அரிய பொறியை, அது எத்துணைச் சிறந்ததாயினும், தெரிதல் ஆகாது. கையளிக்கும் நாளிலேயே, நிலையத் தலைவரும் செயலாளரும் பார்த்திருக்கச் சுவர்ச் செருகியைப் பிடுங்கி, பற்றறியில் எத்தனை மணித்தியாலம் ஓடுகின்றதென்று அளந்து, அந்த எண்ணையும், எவ்வாறு நிறுத்துவது, எவ்வாறு எழுப்புவது, மறுபடி எந்த ஊரில் எவர் பொறுப்பில் உள்ளது என்பவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுதல் வேண்டும்.